கூரை வரை எழாத சுவர்: நினைவகப் பாதுகாப்பைப் புரிந்துகொள்வோம்

மாணவர்களே, 2018 பிப்ரவரியில் ஒரே ஓர் எழுத்து உலகெங்கும் ஐபோன்களைத் திணற வைத்தது. தெலுங்கில் 'ஞானம்' என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் கூட்டெழுத்து அது. 'ஜ்ஞா' என்று ஒலிக்கும். அதன் நடுவே, கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறி ஒன்றையும் சேர்த்து யாராவது அனுப்பினால் போதும். அதைத் திரையில் காட்ட முயன்ற செயலி அப்படியே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடியது. செய்தி உள்ளேயே கிடந்ததால், ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தை வரையப் போய் விழுந்தது. அறிவிப்பாக வந்தபோதோ, கைப்பேசியின் முகப்புத் திரையை நடத்தும் நிரலே விழுந்தது.

அதே மாதம் 19ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டு இதைச் சரிசெய்தது. அதன் பாதுகாப்புக் குறிப்பு காரணத்தையும் சொன்னது: எழுத்துகளை வரையும் பகுதியில் நிகழ்ந்த நினைவகச் சிதைவு.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. எழுத்து வரைகின்ற ஒரு சிறு பகுதி தவறு செய்தால், முழுச் செயலியும் ஏன் விழ வேண்டும்? புலனம் விழுந்தபோது, அதே கைப்பேசியில் இருந்த வங்கிச் செயலியின் கணக்குகள் ஏன் சிதையவில்லை? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், இன்றைய பாடம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

லயத்து வீட்டுச் சுவர்

ராசாவிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள பிற இடங்களிலும் இன்று தாமான்களில் வசிக்கும் நம் குடும்பங்கள் பல, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவை. உங்கள் பாட்டியிடம் லயத்து வீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நீளமான ஒரே கூரை. அதன் கீழே வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு தடுப்பு. பழைய லயங்கள் பலவற்றில் அந்தத் தடுப்பு கூரை வரை எழாது. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை மேலே ஏறி நம் வீட்டுக்குள் இறங்கும். அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

கணினியின் நினைவகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நீண்ட லயம் போன்றதுதான். அதில் கோடிக்கணக்கான பைட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி. எல்லா நிரல்களும் இந்த ஒரே நினைவகத்தில்தான் குடியிருக்க வேண்டும்.

1980களில் பரவலாக இருந்த எம்.எஸ்-டாஸ் இயங்குதளத்தில் நடுவே சுவரே கிடையாது. ஒரு நிரல் தன் கணக்கில் தவறி வேறொரு முகவரியில் எழுதினால், அங்கே இருந்தது எதுவானாலும் அழியும். அது இயங்குதளத்தின் சொந்தப் பகுதியாகவும் இருக்கலாம். அப்போது கணினி உறைந்து நிற்கும். அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

சுவர் எழுந்த விதம்

இன்றைய கணினிகளில் சுவர் உண்டு. அது சிபியுவுக்குள்ளேயே கட்டப்பட்டது. அது வேலை செய்யும் முறையை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம்.

நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் 4096 பைட்டுகள். ஒரு நிரல் '10,000ஆம் முகவரியைப் படி' என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000ஐ 4096ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1808. அதாவது, எண்களை 0விலிருந்து தொடங்கினால், 2ஆம் பக்கத்தில் 1808ஆம் இடம்.

ஆனால் இந்த '2ஆம் பக்கம்' உண்மையான நினைவகத்தின் 2ஆம் பக்கம் அல்ல. ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக ஒரு பக்க அட்டவணையை இயங்குதளம் வைத்திருக்கிறது. 'அ' என்ற நிரலின் அட்டவணையில் 2ஆம் பக்கத்துக்கு நேராக 57 என்று இருந்தால், சிபியு உண்மையான 57ஆம் பக்கத்துக்குப் போகும். 57 × 4096 + 1808 = 235,280. 'ஆ' என்ற நிரலின் அட்டவணையில் அதே 2ஆம் பக்கத்துக்கு நேராக 91 என்று இருக்கலாம். 91 × 4096 + 1808 = 374,544. இரண்டு நிரலும் '10,000' என்றே கேட்டன. ஆனால் இரண்டும் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு.

இந்த ஏற்பாட்டின் சிறப்பைக் கவனியுங்கள். 'ஆ' நிரலின் பக்கம் 'அ' நிரலின் அட்டவணையில் எழுதப்படவே இல்லை. ஆகவே 'அ' எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த இடத்துக்குப் போக வழியே கிடையாது. அட்டவணையில் இல்லாத பக்கத்தைக் கேட்டால், சிபியு உடனே வேலையை நிறுத்தி இயங்குதளத்தைக் கூப்பிடும். இயங்குதளம் அந்த நிரலை மட்டும் மூடிவிடும்.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் அனுமதியும் குறிக்கப்பட்டிருக்கும்: இந்தப் பக்கத்தைப் படிக்கலாமா, அதில் எழுதலாமா, அதிலுள்ளதைக் கட்டளையாக இயக்கலாமா என்று மூன்று. இதுதான் நினைவகப் பாதுகாப்பு. புலனம் விழுந்தாலும் வங்கிச் செயலி சிதையாமல் நின்றது இதனால்தான். நம் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல்

எல்லாரையும் முழுதாகப் பிரித்துவிட்டால் கூடி வேலை செய்வது எப்படி? ஒரு காணொளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரல் படத்தைப் பிரித்தெடுக்கிறது. இன்னொன்று அதைத் திரையில் காட்டுகிறது. 1920 × 1080 புள்ளிகள் உள்ள ஒரு படத்துக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம் 8,294,400 பைட்டுகள். நொடிக்கு 60 படங்கள் என்றால் 497,664,000 பைட்டுகள். ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 50 கோடி பைட்டுகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நகல் எடுத்துச் சுமப்பது வீண் வேலை.

அதனால் இயங்குதளம் ஒரு தந்திரம் செய்கிறது. உண்மையான ஒரு பக்கத்தின் எண்ணை இரண்டு நிரல்களின் அட்டவணையிலும் எழுதிவிடுகிறது. இப்போது இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. இதற்குப் பகிர்வு நினைவகம் என்று பெயர். நகல் தேவையில்லை, ஒன்று எழுதியதும் மற்றது படிக்கலாம்.

இங்கே அனுமதிதான் முக்கியம். தோட்டத்து ஆபீசில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி கிராணியிடம் இருக்கும். அவர் மட்டும் தாளை மாற்றலாம். வெளியே நிற்பவர் யாரும் படிக்கலாம். ஆனால் கை வைக்க முடியாது. அதேபோல, எழுதும் நிரலின் அட்டவணையில் 'படிக்கலாம், எழுதலாம்' என்றும், காட்டும் நிரலின் அட்டவணையில் 'படிக்க மட்டும்' என்றும் குறித்தால், பகிர்வும் நடக்கும், பாதுகாப்பும் நிற்கும்.

வீட்டுக்குள் அறைகள் இல்லையே!

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எழுத்து வரையும் பகுதி தனி நிரல் அல்ல. அது புலனத்துக்குள்ளேயே, அதே பக்க அட்டவணையோடு ஓடும் ஒரு கூறு. சுவர்கள் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவேதான் இருந்தன. வீட்டுக்குள் அறைகள் இல்லை. அடுப்படியில் பற்றிய தீ பெட்டகத்தைத் தொடுவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

எழுத்து வரைவது அவ்வளவு கடினமான வேலையா என்று நினைக்கலாம். தமிழில் 'கொ' என்ற எழுத்தையே பாருங்கள். கணினி அதை 'க', அதன் பின் ஒகரக்குறி என இரண்டாகச் சேமிக்கிறது. திரையிலோ ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக மூன்று உருவங்கள் வரவேண்டும். தெலுங்கில் ஒரு மெய்யின் கீழ் இன்னொரு மெய்யும் அடுக்கப்படும். இவற்றை வெட்டி, மாற்றி, அடுக்கும் நிரல் எத்தனை உருவங்கள் வரும் என்று ஓரிடத்தில் தவறாக எண்ணிவிட்டால், தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும்.

படிவம் 4இல் கணினி அறிவியல் எடுத்தவர்கள் ஜாவா எழுதியிருப்பீர்கள். 5 இடமுள்ள அணியில் 8ஆம் இடத்தில் எழுதப் பார்த்தால் ஜாவா உடனே பிழை காட்டி நிறுத்தும். சி மொழி அப்படி நிறுத்தாது. கேட்ட முகவரி நிரலின் சொந்தப் பக்கத்துக்குள் இருந்தால் எழுதியே விடும். சிபியுவும் தடுக்காது, அதன் கண்ணில் அது அந்த வீட்டுக்காரர் தன் வீட்டில் செய்யும் வேலை.

விழுவதாவது வெளியே தெரிந்துவிடும். தெரியாமல் கசிவது இன்னும் மோசம். 2014 ஏப்ரலில் வெளிவந்த 'ஹார்ட்பிளீட்' என்ற குறைபாடு அப்படிப்பட்டது. இணையத்தில் மறைகுறியீட்டுக்குப் பெருவாரியாகப் பயன்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில், 'இணைப்பில் இருக்கிறாயா?' என்று விசாரிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. 'இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல், இதன் நீளம் இவ்வளவு' என்று கேட்டால் அது திருப்பிச் சொல்லும். குறும்பர்கள் ஒரு சிறு சொல்லை அனுப்பி, நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னார்கள். அந்தப் பகுதி சரிபார்க்காமல், சொல்லுக்குப் பக்கத்தில் நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளி அனுப்பியது. அதில் கடவுச்சொற்கள் இருந்தன. மறைகுறியீட்டுச் சாவிகளும் இருக்க முடிந்தது. கனடாவின் வருமான வரித்துறையிலிருந்து ஏறக்குறைய 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இந்த வழியாகக் களவு போயின. நினைவகப் பாதுகாப்பு அங்கே இருந்தது. ஆனால் எந்தச் சுவரும் தாண்டப்படவில்லை. எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடந்தது.

அறைகள் கட்ட மூன்று வழிகள்

முதல் வழி, பெரிய நிரலைப் பல சிறு நிரல்களாகப் பிரித்துத் தனித்தனிப் பக்க அட்டவணை கொடுப்பது. 2008 செப்டம்பரில் வந்த குரோம் உலாவி இப்படிக் கட்டப்பட்டது. ஒரு தாவலில் திறந்த பக்கம் விழுந்தாலும் மற்றத் தாவல்கள் நிற்கும். நம்பிக்கையான முறை, ஆனால் நினைவகம் அதிகம் செலவாகும், நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள நேரமும் பிடிக்கும்.

இரண்டாம் வழி, ஒரே நிரலுக்குள் பக்கங்களுக்குப் பூட்டு எண் போடுவது. இன்டெல் சிபியுக்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 பிட் அளவில் ஒரு குறி. ஆகவே 2இன் அடுக்கு 4, அதாவது 16 குழுக்கள். 'இப்போது எந்தக் குழுக்களைத் தொடலாம்' என்று சிபியுவுக்குள் ஒரு சிறு பதிவேடு சொல்லும். மறைகுறியீட்டுச் சாவி இருக்கும் பக்கங்களுக்கு ஒரு குறி போட்டு, தேவையான நொடியில் மட்டும் திறந்து, உடனே மூடிவிடலாம். இதற்கு இயங்குதளத்தைக் கூப்பிட வேண்டியதில்லை; அதனால் வேகம் அதிகம். பலவீனமும் அதுவேதான்: பதிவேட்டை மாற்றும் கட்டளையைத் திருட்டு நிரல் இயக்கிவிட்டால் பூட்டு திறந்துவிடும். அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

மூன்றாம் வழி நம் கதையோடு நேராகத் தொடர்புடையது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் கிராஃபைட் என்ற நிரல் நூலகம் உண்டு. சிக்கலான எழுத்துமுறைகள் கொண்ட சிறுபான்மை மொழிகளுக்காக எஸ்.ஐ.எல் அமைப்பு அதை உருவாக்கியது. எழுத்துருவை இணையப் பக்கமே அனுப்பலாம் என்பதால், தீய எண்ணத்தோடு செய்த எழுத்துருவும் வரக்கூடும். அதற்காக அந்த நூலகத்தைத் தூக்கி எறிந்தால் சிறிய மொழிகள் திரையில் சிதையும். எனவே அதற்கு ஓர் அறை கட்டினார்கள். ஆர்.எல்.பாக்ஸ் என்ற இந்த ஏற்பாட்டை, பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மொசில்லா நிறுவனமும் சேர்ந்து செய்தனர். 2020இல் லினக்ஸ் கணினிகளில் கிராஃபைட்டுக்கு முதலில் வந்தது. 2021 டிசம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 95இல் மேலும் சில நூலகங்களுக்கும், எல்லாவகைக் கணினிகளுக்கும் விரிந்தது.

இந்த அறைக்குள் ஓடும் நூலகம் தனக்கென ஒதுக்கிய நினைவகத் துண்டுக்கு வெளியே படிக்கவோ எழுதவோ முடியாதபடி, அதன் கட்டளைகளே மாற்றி அமைக்கப்படுகின்றன. இன்னோர் அருமையான விதியும் உண்டு. அறையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு மதிப்பும் 'கறைபட்டது' என்று குறிக்கப்படும். அதைச் சரிபார்க்காமல் பயன்படுத்தும் வரியை எழுதினால், தொகுப்பியே நிரலை ஏற்க மறுத்துவிடும். நிரலாளர் மறந்தாலும் விதி மறக்காது.

மேசையில் கிடக்கும் சீட்டு

சுவர் கட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை. பகிர்ந்துகொள்ளும் இடம் இருக்கும்வரை ஓர் ஆபத்து மீதி இருக்கும்.

ரப்பர்ப்பால் நிறுத்த எடையைச் சீட்டில் எழுதி, எல்லார் கையும் எட்டும் மேசையில் வைத்திருக்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். கிராணி வந்து பார்க்கிறார்; எடை சரி. பேனா எடுக்கத் திரும்புகிறார். அந்த இடைவெளியில் யாரோ எண்ணைத் திருத்திவிடுகிறார். கிராணி மறுபடி சீட்டைப் பார்த்துத் தம் புத்தகத்தில் ஏற்றுகிறார். அவர் சரிபார்த்தது ஓர் எண். ஏற்றியது வேறோர் எண்.

பகிர்வு நினைவகத்தில் இது நொடியின் மிகச் சிறு பகுதியில் நடந்துவிடும். ஒரு நிரல் நீளத்தைப் படித்துச் சரிபார்க்கும். அடுத்த வரியில் அதே நீளத்தை மறுபடி பகிர்விடத்திலிருந்து படித்துப் பயன்படுத்தும். நடுவே எதிர்ப்பக்க நிரல் அதை மாற்றியிருக்கும். இதற்குத் தீர்வு எளிது: முதலில் மதிப்பைத் தன் சொந்த நினைவகத்துக்கு நகல் எடு, பிறகு அந்த நகலைச் சரிபார், பிறகு அந்த நகலையே பயன்படுத்து. வரிசை மாறினால் சுவர் இருந்தும் பயனில்லை. பெரிய படங்களைப் பகிர்விடத்தில் விட்டுவைக்கலாம். நீளம், எண்ணிக்கை, முகவரி போன்ற சிறு மதிப்புகளைக் கட்டாயம் நகல் எடுக்க வேண்டும்.

சென்னையிலும் சிந்திக்கிறார்கள்

பக்கம் என்பது 4096 பைட். அதற்குள் இருக்கும் 5 எண்களுக்கு மட்டும் தனிச் சுவர் வேண்டுமென்றால்? சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையில் உருவான ஷக்தி என்ற சிபியு குடும்பத்தில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். 2019இல் வந்த ஷக்தி-எம்.எஸ் என்ற வடிவமைப்பில், ஒவ்வொரு சுட்டியும் வெறும் முகவரியை மட்டும் தாங்கி வராது. தொடக்கமும் முடிவும் எங்கே என்ற எல்லையையும் கூடவே கொண்டு வரும். எல்லை தாண்டுகிறதா என்பதைச் சிபியுவே பார்த்துத் தடுக்கும். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செரி என்ற ஆய்வும் இதே திசையில் போகிறது.

ராசாவுக்கு அருகிலேயே செனாவாங்கில் சில்லு சார்ந்த தொழிற்சாலைகள் இயங்குகின்றன. உங்கள் அக்காவோ மாமாவோ அங்கே வேலை செய்யலாம். சில்லைப் பொதிந்து சோதிப்பதோடு நம் பங்கு முடிந்துவிட வேண்டியதில்லை. அதற்குள் எந்தச் சுவர் எங்கே எழ வேண்டும் என்று தீர்மானிப்பவர்களாகவும் நீங்கள் ஆகலாம். அதற்கான கணக்கு, வகுத்தலும் மீதியும் என்று நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான்.

செய்து பாருங்கள்

பள்ளிக் கணினிக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு குரோம் உலாவியில் ஐந்து வெவ்வேறு இணையத்தளங்களைத் தனித்தனித் தாவல்களில் திறங்கள். ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப் விசையை அழுத்தினால் உலாவியின் பணி நிர்வாகி தோன்றும். ஒவ்வொரு தாவலும் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்து அதன் இயக்கத்தை முடித்துவிடுங்கள். மற்ற நான்கும் என்ன ஆகின்றன என்று கவனியுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரு பக்கம் 4096 பைட் என்றால், 20,000ஆம் முகவரி எத்தனையாவது பக்கத்தில், எந்த இடத்தில் இருக்கும்? அந்தப் பக்கத்துக்கு நேராக அட்டவணையில் 30 என்று இருந்தால் உண்மை முகவரி என்ன?

2. ஹார்ட்பிளீட் குறைபாட்டில், விசாரிக்கும் பகுதியைத் தனி அறையில் வைத்திருந்தால் எது தப்பியிருக்கும்? எது தப்பியிருக்காது?

3. உங்கள் வகுப்பு ஒரே இணைய விரிதாளில் மதிப்பெண்களைப் பதிகிறது. யாருக்குப் படிக்க அனுமதி, யாருக்கு எழுத அனுமதி? ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்.

முதல் கேள்விக்கு விடை: 4ஆம் பக்கம், 3616ஆம் இடம், உண்மை முகவரி 126,496. மற்ற இரண்டையும் நண்பர்களோடு விவாதியுங்கள். இரண்டாம் கேள்விக்கு விடை தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சுவர் தவறு நடப்பதைத் தடுக்காது, நடந்த தவறு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது.